கைதட்டலுக்குப் பேசிய பேச்சு

சேசுராஜுக்கு மேடையில் பேச வரும். அதுதான் அந்தக் கல்லிச் சந்துக்குப் பிடித்த சனி என்று அவர் மனைவி சவரியம்மாள் பின்னாளில் சொல்லித் திரிந்தாள். அதற்கு முன்பு அவளும் புருஷன் பேச்சைக் கேட்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தவள்தான்.

தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால், சகதியை ஒட்டி இருந்தது அவர்கள் கல்லி. ராதாபுரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வந்து இறங்கியவர்கள் சாம்பலும் சிரட்டையும் கிடங்குக் கழிவும் கொட்டிச் சகதியை மேடாக்கி, அதன்மேல் தகரம் அடித்துக் குடியேறிய சந்து. யாரும் யாருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. முனிசிபாலிடிக்காரன் வந்தால் தகரத்தைப் பிரிப்பார்கள், போனால் திரும்ப அடிப்பார்கள். நாளடைவில் அவன் வருவது குறைந்தது. ரேஷன் கார்டு வந்தது. கல்லி முனையில் ஒரு குழாய் வந்தது. கார்டும் குழாயும் வந்த பிறகு, பம்பாயையே விலைக்கு வாங்கிவிட்ட மாதிரி கல்லிக்காரர்களுக்கு ஒரு நடை வந்துவிட்டது.

சேசுராஜ் ஜெயினுலாப்தீன் பாயின் கிடங்கில் தோலுக்குச் சவ்வு சீவுகிறவர். சாய்ந்த கட்டைமேல் தோலை விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் மேலிருந்து கீழே வழிக்க வேண்டும். கத்தி ஓடும்போதே அவருக்கு வாயும் ஓடும். வேலை முடிந்ததும் நாற்றம் போகக் குளித்து, வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, படிப்பகத்துக்குப் போய் ஊர்ப் பத்திரிகைகளைச் சத்தமாக வாசிப்பார். பம்பாயிலேயே பிறந்து, தமிழை எழுத்துக்கூட்டவும் தெரியாத இளவட்டங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கும். தமிழ்நாட்டில் ஆட்சி மாறியிருந்த சமயம் அது. அடுக்குமொழி பேசத் தெரிந்தவனுக்கு மந்திரி பதவியே கிடைக்கும் என்ற நம்பிக்கை தாராவி வரைக்கும் பரவிக் கிடந்தது. சேசுராஜுக்கு மந்திரி ஆசை கிடையாது. கைதட்டல் கிடைத்தால் போதும், அன்றைக்கு ராத்திரிச் சோறுகூட வேண்டாம் அவருக்கு.

சவரியம்மாளுக்கும் அதே கிடங்கில்தான் வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறிய ஆட்டுத்தோலிலிருந்து வழித்தெடுத்த மயிரைப் பெண்கள் தொட்டியில் போட்டு அலசுவார்கள். சுண்ணாம்பு போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, கறுப்பு தனி, வெள்ளை தனி, பழுப்பு தனி என்று பிரித்துச் சாக்கில் பரப்ப வேண்டும். விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போகும். குழம்பில் கைபட்டால் உயிர் போய் உயிர் வரும். மழை தொடங்கிவிட்டால் மயிர் காயாது. காயாத மயிர் நாறும், அந்த நாற்றம் உடம்பில் ஏறிக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, ‘இந்த மதராசி ஜனங்களே இப்படித்தான்’ என்பாள். அவள் காலில் கிடக்கும் செருப்பு எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று கேட்கச் சவரியம்மாளுக்கு நாக்கு துடிக்கும்.

அடுத்த தொட்டி பூமாரியுடையது. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தாத்தா காலத்தில் கங்காணி கூட்டிப்போன குடும்பம். மூன்று தலைமுறை கொழுந்து பறித்த பிறகு அவர்களைப் பார்த்து அங்கே கள்ளத்தோணி என்றார்கள். பூமாரி தோணியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. புருஷன் காய்ச்சலில் போனதும், கைப்பிள்ளையோடு அவளைக் கப்பலேற்றி ‘உன் நாட்டுக்குப் போ’ என்று அனுப்பிவிட்டார்கள். தாத்தா ஊரில் அவளைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. அங்கிருந்து எப்படியோ ரயிலேறி வந்தவளை, சவரியம்மாள்தான் பாயிடம் சொல்லித் தொட்டியில் சேர்த்தாள். கல்லியின் கடைசியில், சகதி தொடங்கும் இடத்தில், நான்கு தகரத்தை நட்டுக் குடிசையும் போட்டுக் கொடுத்தாள். கார்டு கிடைக்காததால் பூமாரிக்கு ரேஷன் இல்லை. சவரியம்மாள் தன் பங்கில் வரும் சிவப்பு மைலோச் சோளத்தை இடித்துக் கஞ்சியாக்கி, கோலி மீன்காரியிடம் வாங்கிய போம்பில் கருவாட்டைச் சுட்டு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே வைப்பாள்.

“அக்கா, இங்கயும் நம்மள வெளிய போகச் சொல்றாங்களாமே?” என்று ஒரு நாள் அலசிக்கொண்டே கேட்டாள் பூமாரி.

“மதராசி எல்லாத்தையும் சொல்லுதான், ஒன்னய மட்டுமாட்டி? கத்திட்டுப் போறான். சோலியப் பாரு.”

“அங்கயும் மொதல்ல கத்த மட்டுந்தான் செஞ்சாங்க.”

“வெள்ளையில பழுப்பு கலக்குது பாரு,” என்றாள் சவரியம்மாள்.

நகரத்துக்கே அந்த வருஷம் வாய் முற்றிப் போயிருந்தது. வெளியூர்க்காரன் வேலையைத் தின்கிறான், தண்ணீரைக் குடிக்கிறான், நடைபாதையை நாறடிக்கிறான் என்று வாரப் பத்திரிகை எழுதும். மைதானத்தில் அதையே மைக் வைத்துச் சொல்வார்கள். படித்தவர்கள் ‘பேச்சு கொஞ்சம் காரம்தான், ஆனாலும் விஷயம் இருக்கிறது’ என்று தலையாட்டுவார்கள். பிறகு எவனோ ஒருவன் ஓட்டல் கண்ணாடியில் கல்லெறிவான். எறிந்தவனைக் கேட்டால் பேசினவனைக் காட்டுவான்; பேசினவனைக் கேட்டால், நான் கல்லைத் தொடவே இல்லையே என்பான். இப்படி ஒரு வசதியான ஏற்பாடு உலகத்தில் வேறு எந்தத் தொழிலிலும் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை சேசுராஜ் காப்பித்தூள் வாங்க கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போயிருந்தார். கஞ்சி போட்டு மடித்த வேட்டியோடு போனவர், ஓட்டல் மேஜை விரிப்பு ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சந்து சந்தாக நுழைந்து வீடு வந்து சேர்ந்தார். காப்பித்தூள் இல்லை.

“மழையில வழுக்கிட்டு. வேட்டி கிளிஞ்சி போச்சு,” என்றார் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கு மழையே இல்லை. தென்னாட்டு ஆளைக் கண்டால் நாலு பேர் சூழ்ந்துகொண்டு வேட்டியை உருவிவிட்டுக் கைகொட்டிச் சிரிப்பதை மார்க்கெட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சவரியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டாள். மனுஷன் முகம் சுவரைப் பார்த்தபடி கிடந்தது.

மறுநாள் ஞாயிறு, பூசைக்குப் பிறகு குருசடி முன்னால் கல்லிக் கமிட்டிக் கூட்டம். நகரம் இருக்கிற இருப்பில் நாம் என்ன செய்வது என்பதுதான் பேச்சு. ஆளுக்கொன்று சொன்னார்கள். வேட்டியை விட்டுவிட்டுப் பேன்ட் போடலாம் என்றான் ஒருவன். ரோட்டில் தமிழே பேச வேண்டாம் என்றான் இன்னொருவன். புதுசு புதுசாக ஆள் வந்து இறங்குவதால்தான் அவர்களுக்குக் கோபம், வருகிறவர்களை நிறுத்தினால் பழைய ஆட்களான நம்மை விட்டுவிடுவார்கள் என்றார் ஒரு பெரியவர். எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. பயந்தவர்களுக்குத் தங்களுக்குக் கீழே ஒருவன் கிடைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

மைக் சேசுராஜ் கைக்கு வந்தது. ‘க’வில் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது அவருக்கு.

“கல்லித் தோழர்களே! கஞ்சிக்கும் கண்ணீர் விடும் காலத்திலே, காடு கடந்து, கடல் கடந்து, கள்ளத்தோணி ஏறி வந்த கூட்டம் நம் கழுத்தைக் கட்டிக்கொண்டு மூழ்குவதோ? கண்ணியமான நமக்குக் களங்கம் வந்தது யாரால்? நேற்று வந்தவர்களால்! கார்டு இல்லாதவர்களால்! அவர்கள் மனிதர்களா? கரையான்கள்! கரையான் புற்றைக் கண்டால் கவிதை பாடுவோமா, காலால் இடிப்போமா?”

“இடிப்போம்!” என்று கத்தியது கூட்டம். இளவட்டங்களில் முன்னால் நின்ற மிக்கேல்ராஜ் விசிலடித்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நேற்று சுவரைப் பார்த்துக் கிடந்த முகத்தில் இன்றைக்கு ரத்தம் ஓடியது.

கல்லியில் கார்டு இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். சவரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் வரிசையின் கடைசியில் பூமாரி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மடியிலிருந்த பிள்ளை மட்டும், எல்லாரும் தட்டுவதைப் பார்த்துத் தானும் சிரித்துச் சிரித்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது, “எதுக்கு அந்தப் பேச்சு? அந்தப் பிள்ள இருந்தாள்லா?” என்று கேட்டாள் சவரியம்மாள்.

“எந்தப் பிள்ள? ஓ, அவளா! ஏட்டி, அது மேடைப் பேச்சுட்டி. ‘க’வன்னா ஓடி வந்துது, போட்டுட்டேன். அவளயா சொன்னேன்?”

வேட்டி போன ஆற்றாமை, பேசியாவது தீரட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அப்படி விட்டதற்குத்தான் பிறகு தன்னைத் தானே வைதுகொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து சவரியம்மாளும் பூமாரியும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். கல்லிக் கடைசிக்கு வந்தபோது குடிசை இருந்த இடம் வெறும் தரையாகக் கிடந்தது. நான்கு தகரமும் இல்லை. மூங்கிலைப் பிடுங்கிய குழிகளில் தண்ணீர் நின்றது. ஒரு அலுமினியச் சட்டி, ஒரு பாய், பிள்ளையின் கவுன், செத்துப்போன புருஷனின் போட்டோ எல்லாம் சகதியில் கிடந்தன.

வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ரோசம்மா, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நான் என்ன செய்ய மைனி? கமிட்டிப் பயலுவ வந்தானுவ. சேசுராஜ் அண்ணாச்சி சொன்னதுதான்னானுவ. அண்ணாச்சியே சொன்ன பொறவு நான் எப்படித் தடுக்க?”

பூமாரி அழுவாள் என்று சவரியம்மாள் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. குனிந்து சட்டியை எடுத்தாள், கவுனைப் பிழிந்தாள், போட்டோவை முந்தானையால் துடைத்தாள். வேகவேகமாக, பழகிப்போன கை மாதிரி எல்லாவற்றையும் பாயில் வைத்துச் சுருட்டினாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

“எந்த ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னாங்க அக்கா?”

“ஒரு ஸ்டேஷனுக்கும் போவாண்டாம். வா எங்கூட,” என்று சவரியம்மாள் பாய்ச்சுருட்டைப் பிடுங்கித் தன் தலையில் வைத்தாள். பிள்ளையை ரோசம்மாவிடமிருந்து வாங்கினாள். ரோசம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். ரோசம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீடு என்பது ஒரே அறை. சேசுராஜ் குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார், படிப்பகத்துக்குப் போக. சவரியம்மாள் பாய்ச்சுருட்டை அவர் காலடியில் போட்டாள். சகதி தெறித்தது.

“பாத்துக்கிடுங்க, நல்லாப் பாத்துக்கிடுங்க. கரையான் வந்திருக்கு. இந்தா, குட்டிக் கரையான். காலால மிதிக்கியளா, இல்ல கவித பாடுதியளா?”

“என்னட்டி இது?”

“நேத்துக் கேட்டியள்லா? ஊரே இடிப்போம்னுச்சுல்லா? இடிச்சிட்டானுவ.”

சேசுராஜ் சீப்பைக் கீழே வைத்தார். “நான் அவ வீட்ட இடிக்கச் சொல்லல. அது ஒரு பேச்சு. பேச்சுன்னா அப்படித்தான் இருக்கும். அதப் போயி எவனாவது...”

அப்போது வாசலில் மிக்கேல்ராஜ் வந்து நின்றான். நனைந்திருந்தான். கையெல்லாம் துரு. முகம் பரிசு வாங்கின பிள்ளையுடையது மாதிரி மலர்ந்திருந்தது.

“அண்ணாச்சி, வேல கதம். நீங்க சொன்ன மாதிரியே பண்ணியாச்சு. ‘கரையான் புற்றைக் கண்டால் கவிதை பாடுவோமா, காலால் இடிப்போமா’ன்னு சொல்லிச் சொல்லியே நம்ம பயலுவ பிரிச்சானுவ. முழுசும் எனக்குப் பாடம் அண்ணாச்சி. ‘கல்லித் தோழர்களே, கஞ்சிக்கும் கண்ணீர் விடும் காலத்திலே...’”

ஒரு வார்த்தை பிசகவில்லை. சேசுராஜ் எங்கே மூச்சு விட்டாரோ அங்கே மூச்சு விட்டான், எங்கே கையை உயர்த்தினாரோ அங்கே உயர்த்தினான். தமிழில் ஒரு வரி வாசிக்கத் தெரியாத பயல் அவன். பூமாரி மூலையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிக்கேல்ராஜ் அவளை அப்போதுதான் பார்த்தான். பேச்சு பாதியில் நின்றது.

“போ லே! போயிரு இங்கேர்ந்து!” என்றாள் சவரியம்மாள். அவன் வாசலைவிட்டு நகர்ந்து சுவரோரம் நின்றுகொண்டான்.

“அது சின்னப் பய, தெரியாம...” என்று தொடங்கினார் சேசுராஜ்.

“தெரியாம செஞ்சது அவன். தெரிஞ்சு பேசினது நீங்க. கார்டு இல்லாதவன்னு சொன்னியள, இந்தக் கல்லியில வேற யாருக்கு இல்ல? பேரச் சொல்லலேன்னா பாவம் ஒட்டாதோ? கள்ளத்தோணின்னியள, நீங்க எந்தக் கப்பல்ல வந்திய? எந்த டிக்கெட்டுல வந்திய? வள்ளியூர்க்காரன் சாக்கு மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சு, டிடிஆரு வரும்போது கக்கூசுல நின்னு, தாதர் வரைக்கும் வித்தவுட்டுல வந்தேன்னு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவியள்லா? அப்பம் அது வீரம். இவ பேப்பர்ல சீல் குத்திக்கிட்டு முறையா வந்தா, இவ கள்ளத்தோணி!”

“மெதுவாப் பேசுட்டி. கல்லி கேக்கும்.”

“கேக்கட்டும்! நேத்து மைக்கு வச்சுல்லா கேட்டுச்சு. இன்னைக்கு மைக்கு இல்லாமக் கேக்கட்டும்.” கொடியில் கிடந்த மேஜை விரிப்பை இழுத்து அவர் முன்னால் போட்டாள். “சனிக்கெழம நடந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கியளா? கேட்டா வெக்கப்படுவியன்னு பொத்தி வச்சேன். அந்த விரிப்பத் தொவைக்கும்போது நான் அளுதது எனக்குத்தான் தெரியும். ஒங்க வேட்டிய உருவினவன் நல்லா இருப்பானான்னு சாபம் போட்டேன். மறுநாளே நீங்க போயி இவ கூரைய உருவிட்டு வந்தியளே! அந்தச் சாபத்த நான் இப்பம் யாரு தலையில போட?”

சேசுராஜ் உட்கார்ந்துவிட்டார்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. அப்போது மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு லாரி மெதுவாக ஊர்ந்து போகும் சத்தம் கேட்டது. அதில் மைக் கட்டியிருந்தார்கள். மராட்டியில் ஒரு குரல், நல்ல கணீர்க் குரல், ஏறி ஏறி உச்சிக்குப் போய் நின்றது. நின்ற இடத்தில் கூட்டம் ஓவென்று கத்திக் கைதட்டியது. குரல் மறுபடி ஏறியது. கல்லியில் ஒவ்வொரு கதவாகச் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது. வெளியே சுவரோரம் நின்ற மிக்கேல்ராஜும் உள்ளே வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

பூமாரிக்கு மராட்டி தெரியாது. பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு, “என்னா சொல்றாங்க அக்கா?” என்று கேட்டாள்.

மீன்காரிகளிடம் பேரம் பேசியே மராட்டி கற்றவள் சவரியம்மாள். கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டாள்.

“புதுசா ஒண்ணுமில்லட்டி. நேத்து எங்க வீட்டுக்காரவிய பேசினதத்தான் மராட்டியில பேசுதான்.”

லாரி மாஹிம் பக்கம் திரும்பி, குரல் தேய்ந்து மறையும்வரை நான்கு பேரும் அந்தப் பிள்ளையும் அந்த ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சேசுராஜ் தரையில் கிடந்த பாய்ச்சுருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நடுத்தெருவில் நின்றபோது இருந்த முகம் இதுவாகத்தான் இருக்கும் என்று சவரியம்மாளுக்குத் தோன்றியது. மனம் இளகப் பார்த்தது. சகதியில் கிடந்த கவுனை நினைத்து இறுக்கிக்கொண்டாள்.

சேசுராஜ் எழுந்தார். கொடியில் கிடந்த பழைய கைலியை எடுத்துக் கட்டினார்.

“ஏலே மிக்கேலு, தகரத்த எங்க வச்சிருக்கிய?”

“ரெண்டு, கேரம் போர்டு ஆடுத எடத்துல கூரைக்குப் போட்டாச்சு அண்ணாச்சி. மத்த ரெண்டையும் பங்கார் கடையில, பழைய இரும்போட போட்டுட்டோம்.”

“இருக்கத எடுத்துட்டு வா. பயலுவளையும் கூப்பிடு.”

கல்லிக் கடைசிக்குக் கையில் சுத்தியலோடு போனார் சேசுராஜ். அண்ணாச்சி ஏதோ பேசப்போகிறார் என்று இளவட்டங்கள் கூடின. சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவர் குழிக்குப் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

“அந்தப் பிள்ள வீட்ட நீங்க பிரிக்கல. நாந்தான் பிரிச்சேன். நான் பேசினது தப்பு. நான் வித்தவுட்டுல வந்தவன். மூங்கில எடுங்க, நடணும்.”

எல்லாரும் மேலே ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள். நேற்று விசிலடித்தவர்களில் ஒருத்தன்கூடக் கையைத் தட்டவில்லை.

“அவ்வளவுதானா அண்ணாச்சி?” என்றான் மிக்கேல்ராஜ்.

“அவ்வளவுதாம்ல. பிடி அந்தப் பக்கம்.”

அவன் தயங்கித் தயங்கி மூங்கிலைப் பிடித்தான். மற்றவர்களில் சிலர் வந்தார்கள், சிலர் முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கூட்டத்தில் பேசிய பெரியவர், “புதுசா வாரவளுக்கு எடம் கொடுத்தா நாளைக்கு நமக்குத்தான் ஆபத்து,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். சேசுராஜ் அடுத்த மூங்கிலை எடுத்தார்.

இரண்டு தகரத்தில் சுவர் மட்டும்தான் நின்றது. கூரைக்கு இல்லை. வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. சேசுராஜ் திரும்பி வந்து தன் வீட்டுமேல் ஏறினார். ஆணியைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. சவரியம்மாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அடுப்புக்கு மேலே வெளிச்சம் விழுந்தது. அடுப்பை இந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

பூமாரி அந்தத் தகரத்தின் கீழே, அதே குடிசையில் இருந்தாள். மறுநாள் காலை வழக்கம்போலத் தொட்டிக்கு வந்து, வெள்ளையில் பழுப்பு கலக்காமல் அலசினாள். சேசுராஜ் கத்தி ஓட்டினார். வாய் ஓடவில்லை.

தங்கள் வீட்டில் தகரம் போன இடத்தில் கோணிப்பையும் தார்ப்பாயும் போட்டுப் பார்த்தார்கள். பம்பாய் மழை அதையெல்லாம் மதிக்குமா? ஒழுகும் இடத்தில் சவரியம்மாள் ஒரு பானையை வைத்தாள். பழைய தகரம் விற்கிறவன் கல்லிக்குள் எத்தனையோ தடவை கூவிக்கொண்டு போனான். அந்த மழைக்காலம் முடியும்வரை அவனை நிறுத்தி ஒரு தகரம் வாங்குங்கள் என்று அவள் புருஷனிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.